முதலில் அந்த மஞ்சளைக் கழுவிவிடுங்கள்

கேள்வி: டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். ஒன்பது நாளைக்கு முன் மரைன் டிரைவ் பக்கம், ரயில் பாதையோரம் படுத்திருந்த ஒரு பெண் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிரவுணி என்று பெயர் வைத்திருக்கிறோம், இரண்டு வயது இருக்கலாம். முன்காலுக்குப் பின்னால், விலாப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு புண். அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசுகிறார். வீட்டில் மிச்சம் இருந்த ஒரு கிறீமும் பூசிப் பார்த்தோம். அவள் எல்லாவற்றையும் நக்கிவிடுகிறாள், புண் காயவே இல்லை. புண்ணுக்குக் கிட்டக் கை கொண்டுபோனால் உறுமுகிறாள். பக்கத்து வீட்டு அங்கிள் கடலில் குளிப்பாட்டச் சொல்கிறார். கட்டுப் போடலாமா? வலிக்குப் பனடோல் கொடுக்கலாமா? இடது காது நுனியிலும் ஒரு வெட்டு இருக்கிறது, அதற்கும் மருந்து போட வேண்டுமா? மற்றது, முந்தாநாள் மஞ்சள் பூசும்போது திரும்பி வாயை வைத்துவிட்டாள், தம்பியின் விரலில் பல் பட்டது. இரத்தம் பெரிதாக வரவில்லை.

பதில்: தங்கச்சி, நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே இதைத் தனியாக உங்களுக்குச் சொல்லிவிட்டேன், ஆனாலும் இதே நிலையில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். இரத்தம் "பெரிதாக வரவில்லை" என்றால் கொஞ்சம் வந்திருக்கிறது. தடுப்பூசி போட்டதா இல்லையா என்று தெரியாத ஒரு நாயின் பல் பட்டு, தோல் கிழிந்து, கொஞ்சமாவது இரத்தம் வந்தால் அதைக் கீறல் என்று விட முடியாது. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். விசர்நாய்க்கடி வைரஸின் வெளிப்புறம் கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதை உடைக்கும், அதனால்தான் இந்தக் கழுவலை இவ்வளவு வலியுறுத்துகிறோம். அதன் பிறகு நேரே அரசாங்க வைத்தியசாலை. தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம், உங்களுக்குக் கிட்ட என்றால் களுபோவில. ஊசி வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை அங்கே உள்ள வைத்தியர் தீர்மானிக்கட்டும், அது என் வேலையும் இல்லை, பக்கத்து வீட்டு அங்கிளின் வேலையும் இல்லை. இரண்டு நாள் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள், இப்போது போனாலும் பிந்தவில்லை. நோயின் அறிகுறி வந்த பிறகுதான் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிரவுணிக்கு விசர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு அவளைத் திரும்பக் கொண்டுபோய் ரயில் பாதையில் விட்டுவிடாதீர்கள். வலிக்கிற இடத்தில் கை வைத்தால் எந்த நாயும் திரும்பும், அவள் செய்தது அவ்வளவுதான். ஆனால் பல் பட்ட நாளிலிருந்து 14 நாள் அவள் உங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும். யாருக்கும் கொடுக்கக் கூடாது, அவிழ்த்து வெளியே விடவும் கூடாது. இந்த நாட்களில் நடத்தை திடீரென்று மாறினால், வாயிலிருந்து எச்சில் வடிந்தால், தாடை தொங்கினால், விழுங்க முடியாமல் திணறினால், அவளைத் தொடாமல் ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், தம்பியின் வைத்தியருக்கும் அன்றே சொல்லுங்கள்.

சரி, இப்போது புண்.

நீங்கள் பூசியவற்றில் கெட்ட எண்ணத்தோடு பூசியது ஒன்றும் இல்லை, அம்மாவின் அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் மஞ்சளும் எண்ணெயும் குழைத்த அந்தப் பசை முடியோடு ஒட்டி, காய்ந்து, ஒரு மூடி மாதிரி ஆகிவிடும். அதற்குக் கீழே ஈரம், அழுக்கு, கிருமி எல்லாம் வெளியே வர வழியில்லாமல் கிடக்கும். கொழும்பின் புழுக்கத்தில், அதுவும் தென்மேல் பருவமழை பெய்கிற மாதங்களில், அப்படி மூடப்பட்ட புண் எப்படிக் காயும்? அந்த ருசிக்காகவே அவள் இன்னும் நக்குவாள், நக்கினால் புண் பெரிதாகும், நீங்கள் இன்னும் கொஞ்சம் பூசுவீர்கள். நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் அந்த வாயில் இருக்கிற கிருமிகளும் அந்த நாக்கின் உரசலும் செய்கிற கெடுதல்தான் அதிகம்.

அந்தக் கிறீமைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாயின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் மிச்சம் இருக்கும் தோல் கிறீம்கள் பலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் குறைப்பதால் ஆறுவது போலத் தெரியும், உள்ளே புதுச் சதை வளர்வதை அது தடுக்கும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். அதை நிறுத்துங்கள்.

முதல் வேலை, முடியை வெட்டுவது. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் முக்கியம். சில வருடத்துக்கு முன் தெஹிவளையிலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள், தெருவிலிருந்து எடுத்து நாலு நாள், முதுகில் ஒரு சின்னப் பொருக்கு, "சும்மா ஒரு சிராய்ப்பு, களிம்பு எழுதித் தாருங்கள்" என்றார்கள். பொருக்கைச் சுற்றி முடியை வழித்தேன். பொருக்குக்குக் கீழே மிளகு அளவில் ஒரு துளை, நாலு விரல் தள்ளி அதே மாதிரி இன்னொன்று. முதல் துளையில் சேலைனைப் பீச்சினேன், அது இரண்டாவது துளையால் கலங்கலாக வெளியே வந்தது. இன்னொரு நாய் கடித்து உலுக்கியதில் தோல் சதையை விட்டுக் கழன்று, உள்ளே ஒரு பையே உண்டாகியிருந்தது, அதில் சீழ் கட்டியிருந்தது. மேலே பார்க்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் எந்தச் சின்னப் புண்ணையும் முடி வெட்டிப் பார்க்காமல் சின்னது என்று நான் ஒத்துக்கொள்வதில்லை.

எப்படி வெட்டுவது? பார்மசியில் நீரில் கரையும் ஜெல்லி கிடைக்கும், அதைப் புண்ணுக்குள் கொஞ்சம் நிரப்பிவிடுங்கள். வெட்டுகிற முடி அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழுவும்போது ஜெல்லியோடு சேர்ந்து போய்விடும், புண்ணுக்குள் முடி தங்காது. வஸலின் வேண்டாம், அது கழுவுப்படாது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் எடுங்கள், தோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் ஒரு சீப்பை வைத்துக்கொண்டு வெட்டுங்கள், நாயின் தோல் மெல்லியது, இழுத்தால் கூடவே வரும், ஒரு புண்ணைப் பார்க்கப் போய் இரண்டாவதை உண்டாக்கிவிடக் கூடாது. சுற்றிவர இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லாமல் இருந்தால் போதும். முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், தோலின் மேற்படை மட்டும் போயிருக்கிறதா, அல்லது துளை இருக்கிறதா, விளிம்பைத் தொட்டால் தோல் அடியில் கழன்று நகர்கிறதா? துளை இருந்தால், கழன்றிருந்தால், மஞ்சளாகக் கொழுப்புத் தெரிந்தால் வீட்டு வைத்தியத்தை அத்தோடு விட்டுவிட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அது நாய்க்கடியாக இருந்தால் விசர்நாய்க்கடி விஷயத்தில் அவளுக்கும் அதே கேள்விதான், கடித்தது எந்த நாய் என்று நமக்குத் தெரியாது, நோய் வெளிப்பட வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம்.

அடுத்தது கழுவுவது. என்னைக் கேட்டால், மேலோட்டமான ஒரு புண்ணுக்கு நல்ல மருந்தின் பாதி வேலை தண்ணீருடையது. பார்மசியில் சேலைன் போத்தல் வாங்கலாம், இல்லையென்றால் அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவில், கரைத்தால் கிட்டத்தட்ட அதே 0.9 வீதம் வரும். உடம்பின் திரவத்தில் இருக்கிற உப்பும் ஏறத்தாழ இதேதான் என்பதால் எரியாது. மிச்சத்தை அடுத்த நாளைக்கு வைக்காதீர்கள். ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றால் இரண்டு மூன்று அங்குலம் தள்ளிவைத்துப் பீச்சுங்கள், பஞ்சால் தேய்க்க வேண்டாம், பஞ்சின் நார் புண்ணிலே தங்கிவிடும். முதல் நாள் அந்த மஞ்சள் பசை எல்லாம் போக வேண்டும் என்பதால் அந்த அரை லீற்றரும் செலவாகும், செலவாகட்டும். காய்ந்த பொருக்கு வரவில்லையென்றால் பிய்க்காமல், உப்பு நீரில் நனைத்த சுத்தமான துணியை ஐந்து நிமிடம் மேலே வைத்திருங்கள், ஊறித் தானாக வரும். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தம்பி இந்த வேலையில் இப்போதைக்குச் சேர வேண்டாம்.

கிருமிநாசினி என்று ஏதாவது வேண்டுமென்றால் பெட்டாடின் திரவத்தைத் தண்ணீரில் கலந்து பாவியுங்கள், பிளேன்டீயைவிடவும் வெளிறிய நிறம் வரும்வரை. கடும் நிறத்தில் அப்படியே ஊற்றினால் கிருமியோடு சேர்த்து புதிதாக வளரும் சதையும் செத்துப்போகும். வாங்கும்போது கவனம், நுரை வருகிற ஸ்க்ரப் வகையும் இருக்கிறது, அது புண்ணுக்கு ஆகாது. டெட்டோல், ஸ்பிரிட், நுரைத்துப் பொங்குகிற ஹைட்ரஜன் பெரொக்சைட் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். அந்தப் பொங்கலைப் பார்த்தால் கிருமி சாகிறது என்று மனதுக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் பொங்குவதில் நல்ல சதையும் இருக்கிறது. இதற்கு மேல் பவுடர், தைலம், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், பழைய எஞ்ஜின் ஒயில் எதுவும் வேண்டாம். சொறி நாய்க்கு எஞ்ஜின் ஒயில் பூசுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது தோலை எரிக்கும், நக்கினால் ஈரலைத் தாக்கும், அப்படிப் பூசிக் கொண்டுவந்த நாய்கள் மேசையில் நடுங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாரும் செய்யாதீர்கள்.

முதல் மூன்று நாள் காலையும் மாலையும் கழுவுங்கள், அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்.

கட்டுப் போடலாமா என்று கேட்டீர்கள். இந்தப் புண்ணுக்கு வேண்டாம். விலாவில் கட்டு நிற்காது, இறுக்கினால் மூச்சுக்கு இடைஞ்சல், புழுக்கமும் மழையும் சேர்ந்த ஈரத்தில் கட்டுக்குள் புண் ஊறிப்போகும். நக்காமல் தடுப்பதுதான் தேவை. கழுத்தில் போடுகிற கோன் வாங்கலாம், ஆனால் ஒன்பது நாள்தான் ஆகிறது, புது வீடு, புது ஆட்கள், அதோடு தலையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் என்றால் பயந்து சுவரில் மோதுவாள். அதற்கு முன் சின்னப் பிள்ளையின் பருத்திப் பெனியன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், முன்கால்களைக் கைப் பக்கத்தால் எடுத்து, வயிற்றுப் பக்கம் தொங்குவதை முதுகில் சேர்த்து முடிந்துவிடுங்கள். உங்கள் புண் இருக்கும் இடம் அதற்குள் சரியாக மறையும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், அதனால் மூன்று பெனியன் வைத்திருங்கள். பெனியனையும் கடித்துக் கிழித்தால் கோன்தான்.

பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஐபுப்ரொஃபன், டைக்ளோஃபெனக் எதுவும் வேண்டாம். மனிதருக்குச் சாதாரணமாக இருக்கிற குளிசை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் புண்ணாக்கும், பூனை இருக்கிற வீட்டில் அரைப் பனடோலே பூனையின் உயிரை எடுத்துவிடலாம். வலி தெரிகிறது என்றால் நாய்க்கென்று இருக்கிற மருந்தை எடை பார்த்து நாங்கள் தருவோம். மிச்சம் இருக்கிற அமொக்சிசிலின் குளிசைகளும் அப்படியே, தொடாதீர்கள்.

அவள் உறுமுகிறாள் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் கழுவுவது எப்படி என்று நான் எவ்வளவு எழுதினாலும் அவள் விட்டால்தானே நடக்கும். இந்த ஒன்பது நாளில் அவளுக்கு உங்கள் கை என்றாலே வலி என்று ஆகிவிட்டது. கை வரும், மஞ்சள் வரும், எரியும். அதை மாற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்கப் புண்ணைத் தொடாதீர்கள், பெனியன் மட்டும் இருக்கட்டும். உப்புப் போடாமல் அவித்த நெத்தலியோ கோழியோ ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, தோளைத் தொடுவது, ஒரு துண்டு கொடுப்பது, கையை எடுப்பது. பிறகு விலாவைத் தொடுவது, கொடுப்பது, எடுப்பது. அவள் உடம்பு இறுகினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால், வாயை மூடி அசையாமல் நின்றால் அதோடு நிறுத்துங்கள், உறுமலுக்கு முன் அவள் சொல்கிற சொல் அதுதான். கழுவும்போது அம்மா முன்னால் இருந்து கிண்ணத்தைப் பிடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கழுவுங்கள், தலைக்கு மேலாகக் குனிய வேண்டாம். படுத்திருக்கும்போதும், மூலையில் ஒதுங்கியிருக்கும்போதும் போகாதீர்கள். உறுமியதற்காக ஏசவோ அடிக்கவோ கூடாது, உறுமலை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிப்பாள். இரண்டு நாள் முயன்றும் விடவில்லையென்றால் பிடித்து அமுக்கி ஒன்றும் செய்ய வேண்டாம், கிளினிக்கில் லேசாக மயக்கி ஒரே தடவையில் சுத்தம் செய்து தருவார்கள்.

கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 வீதம், நான் மேலே சொன்ன உப்பு நீரைவிட நாலு மடங்கு, திறந்த புண்ணில் அது எரிக்கும். அதோடு மணல். அதோடு உங்கள் வெள்ளவத்தைக் கரையில் கால்வாய் எங்கே விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். புண் மூடும்வரை உடம்பு முழுக்கக் குளிப்பாட்டுவதே வேண்டாம், நனைத்துப் பிழிந்த துவாயால் துடைத்துவிட்டால் போதும்.

காது வெட்டு நல்ல செய்தியாக இருக்கலாம். விளிம்பு நேராக இருந்து, ஆறி, முடி வளர்ந்திருந்தால் அது காயம் இல்லை, தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்கிற பல முகாம்களில் மயக்கத்திலே காதில் வெட்டி விடுகிற அடையாளம். அப்படியென்றால் அவளுக்குக் குட்டி போடுகிற கவலை இல்லை. அந்த நேரத்தில் விசர்நாய்க்கடி ஊசியும் போட்டிருக்கலாம், ஆனால் எப்போது போட்டது என்று தெரியாததால் போடாதது மாதிரியே நினைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். 14 நாள் கண்காணிப்பு நடக்கிறது என்பதை வைத்தியரிடம் சொல்லிவிட்டு, ஊசியை எப்போது போடுவது என்று அவரிடமே கேளுங்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. காதுக்குப் பின்னாலும் கால் விரல்களுக்கு நடுவிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள், உதட்டைத் தூக்கி முரசையும் பாருங்கள். வெளிறியிருந்தால், சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால், புண்ணிலிருந்து நிற்காமல் நீர்த்த இரத்தம் கசிந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எர்லிக்கியா என்கிற கிருமி இரத்தம் உறைவதற்கான தட்டணுக்களைக் குறைத்துவிடும், பிறகு எந்தப் புண்ணும் லேசில் ஆறாது. தெருவிலிருந்து வருகிற நாய்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. ஊசி விஷயமாக எப்படியும் கிளினிக்குக்குப் போகத்தானே வேண்டும், இந்த வாரமே போய் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணுக்குப் பக்கத்தில் உண்ணி மருந்து, பவுடர் எதையும் நீங்களாகப் போடாதீர்கள்.

இலையான் உட்காரவே விடக் கூடாது. புண் விளிம்பில் அரிசிக் குறுணல் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது முட்டை, ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். இங்கே இருக்கிற ஒரு வகை இலையானின் புழு அழுகலை மட்டும் தின்னாது, உயிருள்ள சதையைத் துளைத்து உள்ளே போகும். கர்ப்பூரம், பூச்சியுருண்டை என்று எதையும் உள்ளே திணிக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள், அடுத்த நாள் காலை வரை வைத்திருக்க வேண்டாம்.

நாலாம் ஐந்தாம் நாள் புண்ணின் அடி மாதுளை முத்து மாதிரி சிவப்பாக, சின்னச் சின்ன மணியாக வரும். அதைப் பார்த்துப் பலரும் புண் கெட்டுப்போகிறது என்று பயந்து சுரண்டுகிறார்கள். அதுதான் ஆறுகிற சதை. லேசாகத் தொட்டாலே இரத்தம் வரும், விட்டுவிடுங்கள். பிறகு விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது, அதனால் உங்கள் நாணயம் அளவுப் புண் மூட இரண்டு வாரம், சில வேளை மூன்று வாரம் எடுக்கும். அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. நாற்றம் வந்தால், சீழ் வந்தால், சுற்றிவர வீங்கிச் சூடாக இருந்தால், சாப்பிட மறுத்தால், அல்லது வேறு இடங்களிலும் முடி கொட்டிச் சொறிந்து வீட்டில் உங்களுக்கும் கையில் அரிக்கத் தொடங்கினால், அது வேறு கதை, காத்திருக்காதீர்கள்.

ஒவ்வொரு நாளும் கழுவின பிறகு, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைத் தோலில் படாமல் புண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும். ஏழாம் நாள் படத்தில் புண் முதல் நாளைவிடச் சின்னதாகத் தெரியவில்லையென்றால் எல்லாப் படத்தையும் எடுத்துக்கொண்டு பிரவுணியோடு கிளினிக்குக்குப் போங்கள். தம்பியின் ஊசித் திகதிகளை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள், ஒன்றும் தவற விடாதீர்கள்.